மருத்துவச்சியம்மாவின் சைக்கிள்

அந்தத் தேயிலைத் தோட்டத்தில் இருபது வயதுக்குக் கீழே இருக்கிற எல்லோருக்கும், தாங்கள் பிறந்தபோது எத்தனை றாத்தல் எடை இருந்தோம் என்று தெரியும். யாரும் அதை எழுதி வைக்கவில்லை. ஜோசப்பின் அம்மா மறக்கவில்லை, அவ்வளவுதான்.

ஜோசப்பின் என்பது அவருடைய பெயர்தான். அவர்தான் தோட்டத்து மருத்துவச்சி. வழியில் எந்தப் பிள்ளையைக் கண்டாலும் நிறுத்திவிடுவார். "நீ ஏழு றாத்தல். உன் அண்ணன் ஆறே முக்கால்" என்று சொல்லிவிட்டுத்தான் நகர்வார். மீசை முளைத்த பையன்களைக்கூட அவர் விடுவதில்லை. பாவம், அவர்கள் வெட்கப்பட்டுக்கொண்டே நிற்பார்கள்.

பத்து வயது அம்மாக்கண்ணு பிறந்தபோது ஆறே கால் றாத்தல்.

"ரெண்டு நாள் உன் அம்மாவப் பாடாப் படுத்திட்டுத்தான் வெளிய வந்த," என்று ஜோசப்பின் அம்மா அவள் காதைச் செல்லமாகத் திருகுவார்.

அந்த இரண்டு நாளும் அவர் வீரம்மாவின் பக்கத்தை விட்டு அசையவே இல்லையாம். வீரம்மாதான் அம்மாக்கண்ணுவின் அம்மா. இப்போது அவள் வயிற்றில் மறுபடியும் ஒரு பாப்பா இருந்தது. ஆடி மாதம் பிறக்கும் என்று கணக்கு.

"மருத்துவச்சியம்மா பக்கத்துல இருந்தா எனக்குப் பயமில்ல," என்று அம்மா அடிக்கடி சொல்வாள். அவர் இல்லாவிட்டால் பயம் என்பதுதான் அதற்கு அர்த்தம். அது அம்மாக்கண்ணுவுக்கு நன்றாகப் புரிந்திருந்தது.

ஜோசப்பின் அம்மா நல்ல பருமன். அதற்கும் ஒரு காரணம் இருந்தது. எந்த வீட்டில் பிள்ளை பிறந்தாலும் அந்த வீட்டில் அவருக்கு ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும் உண்டு. பிள்ளை பிறக்காத வாரமே அந்தத் தோட்டத்தில் கிடையாது.

தோட்டத்தில் கீழ்க்கணக்கு, மேல்கணக்கு என்று இரண்டு பிரிவு. மருந்துச்சாலை கீழே இருந்தது. அம்மாக்கண்ணுவின் வீடு இருந்த லயம், அதாவது தொழிலாளர் வீட்டு வரிசை, மேலே இருந்தது. இரண்டுக்கும் நடுவில் இருநூற்று நாற்பது கல்படிகள். சித்திரை மாதம் ஒரு நாள், ஜோசப்பின் அம்மா பாதிப் படியில் உட்கார்ந்துவிட்டார். முழங்கால் வலி. ஒரு மணி நேரம் கழித்துத்தான் எழுந்திருக்க முடிந்தது.

அது டொக்டரய்யா காதுக்குப் போனது. மறுநாள் கொழுந்து மடுவத்தில், மூட்டை நிறுக்கிற மேடைத் தராசில் அவரை ஏற்றி நிறுத்துப் பார்த்தார். கொழுந்து மடுவம் என்பது, பறித்த கொழுந்தைக் கொண்டுவந்து நிறுக்கிற கொட்டகை.

அன்று மாலை அம்மாவுக்கு மருந்து வாங்கப் போயிருந்தாள் அம்மாக்கண்ணு. அவள் மருந்துச்சாலைச் சன்னலுக்கு வெளியே நின்றபோது டொக்டரய்யாவின் குரல் கேட்டது.

"இருநூத்தி ஆறு றாத்தல். இந்தக் கனத்தோட படி ஏறினா முழங்கால் போயிரும். ஆனி மாசக் கடைசிக்குள்ள பதினஞ்சு றாத்தல் குறையணும். இல்லாட்டி கீழ்நாட்டு ரப்பர் தோட்டத்துக்கு மாத்தச் சொல்லி துரைக்கு எழுதிருவேன். அங்க படி கிடையாது."

"என் பிள்ளைங்க எல்லாம் இங்கதானே இருக்குதுங்க, டொக்டரய்யா," என்றார் ஜோசப்பின் அம்மா. அவருக்குச் சொந்தப் பிள்ளைகள் கிடையாது.

"அப்ப சைக்கிள் ஓட்டுங்க. முழங்காலுக்கு நல்லது. என் சம்சாரத்தோட சீமைச் சைக்கிள் சும்மாதான் கிடக்கு."

"மாதாவே. அது என்னையத் தாங்குமா?"

"காத்து நல்லா அடிச்சா தாங்கும்."

அம்மாக்கண்ணு மருந்துப் போத்தலோடு படியேறி வீட்டுக்குப் போனாள். கேட்டதை அம்மாவிடம் சொல்லவில்லை.

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டதும் பெரட்டுக்களத்துக்கு ஓடினாள். காலையில் தொழிலாளர்கள் கூடி வேலை பிரித்துக்கொள்கிற இடம் அது. தோட்டத்தில் சமதரை என்று இருந்தது அது ஒன்றுதான். ஜோசப்பின் அம்மா அங்கே வெள்ளைச் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு சைக்கிளோடு நின்றார். ஏறினார். ஆசனத்து வில் கிறீச்சென்றது. சைக்கிள் நாலடி போய்ச் சாய்ந்தது. அவரும் சாய்ந்தார்.

மேட்டில் உட்கார்ந்திருந்த பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

இரண்டாவது தடவையும் விழுந்தார். சிரிப்பு கூடியது. ஜோசப்பின் அம்மா சேலையைத் தட்டிவிட்டு, "போதும் கண்ணு, இது எனக்கு ஒத்துவராது," என்று சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கிளம்பினார்.

விழுந்தது அவருக்கு வலிக்கவில்லை, சிரிப்புத்தான் வலித்தது என்று அம்மாக்கண்ணுவுக்குத் தெரிந்தது. அவள் மேட்டைப் பார்த்துக் கத்தினாள்.

"சிரிக்கிறவங்கெல்லாம் கீழ வாங்க. பின்னால புடிக்க ஆளு வேணும்."

பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சைக்கிளைத் தொடலாம் என்றால் யாருக்குத்தான் கசக்கும்? அடித்துப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார்கள்.

ஜோசப்பின் அம்மாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "ஏழு றாத்தல், நீ இந்தப் பக்கம் புடி. ஆறே முக்கால், நீ அந்தப் பக்கம். அஞ்சரை, நீ சின்னவன், தள்ளி நில்லு," என்று ஆட்களைப் பிரித்துவிட்டார். பெரட்டு அன்று இரண்டாவது தடவையாக நடந்தது.

இரண்டு வாரத்தில் அவர் பிடி இல்லாமல் ஓட்டினார். மூன்றாவது வாரம் படியை விட்டுவிட்டு, மலையைச் சுற்றிப் போகிற வண்டிப்பாதையில் மேல்கணக்குக்கு வர ஆரம்பித்தார். ஏற்றத்தில் அவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போவார். இறக்கத்தில் சைக்கிள் அவரைத் தள்ளிக்கொண்டு வரும். மணியை விடாமல் அடிப்பார். அந்தச் சத்தத்துக்கு லயத்துக் கோழிகள் எல்லாம் ஒதுங்கிக்கொள்ளப் பழகிவிட்டன.

அம்மாக்கண்ணு இன்னொரு வேலையும் செய்தாள். வீடு வீடாகப் போய்ச் சொன்னாள்.

"மருத்துவச்சியம்மா வந்தா ரொட்டி குடுக்காதீங்க. சீனி போடாம தேத்தண்ணி மட்டும் குடுங்க."

"அது எப்படிப் புள்ள, வெறுந்தேத்தண்ணியக் குடுத்து அனுப்புறது?" என்று கேட்டாள் பக்கத்து வீட்டு அழகம்மா.

"ரொட்டி குடுத்தா ரப்பர் தோட்டத்துக்கு அனுப்பிருவாங்க," என்றாள் அம்மாக்கண்ணு. அதற்குப் பிறகு மேல்கணக்கில் யாரும் அவருக்கு ரொட்டி கொடுக்கவில்லை. ஜோசப்பின் அம்மாவுக்குத்தான் கொஞ்ச நாள் ஒன்றும் புரியவில்லை.

வைகாசி கடைசியில் நிறுத்தார்கள். நூற்றுத் தொண்ணூற்று ஒன்பது. ஏழு றாத்தல் குறைந்திருந்தது. இன்னும் எட்டு.

ஆனி மாதம் மழை பிடித்துக்கொண்டது. அந்த மழையிலும் அவர் சைக்கிளை விடவில்லை. கடைசி வெள்ளிக்கிழமை வீரம்மாவைப் பார்த்துவிட்டு அவர் புறப்படும்போது நல்ல மழை. அவர் குடை கொண்டுவரவில்லை. கொண்டுவந்திருந்தாலும் குடையைப் பிடித்துக்கொண்டு சைக்கிள் ஓட்ட முடியாது.

"அம்மா இப்ப வேலைக்குப் போறதில்ல. கம்பளி சும்மாதான் இருக்கு," என்று அம்மாக்கண்ணு அதை எடுத்துக் கொடுத்தாள். மழையில் கொழுந்து பறிக்கப் போகிறவர்கள் தலையிலிருந்து முதுகு வரை போர்த்திக்கொள்கிற தடித்த கறுப்புக் கம்பளி. ஜோசப்பின் அம்மா அதைப் போர்த்திக்கொண்டு வண்டிப்பாதையில் இறங்கினார். அன்றுதான் கடைசி நிறுவை. அம்மாக்கண்ணு சாக்கைத் தலையில் மாட்டிக்கொண்டு படிவழியாக ஓடினாள்.

மடுவத்தில் நாற்பது பெண்கள் கொழுந்துக் கூடையோடு வரிசையில் நின்றார்கள். கணக்கப்பிள்ளை பொன்னையா நிறுத்துக்கொண்டிருந்தார். டொக்டரய்யாவும் வந்திருந்தார். ஜோசப்பின் அம்மா சொட்டச் சொட்ட வந்து இறங்கினார். அத்தனை பேர் பார்க்கத் தராசில் ஏறுவது அவருக்குக் கூச்சமாக இருந்தது. கம்பளியை இன்னும் இறுக்கிப் போர்த்திக்கொண்டு ஏறினார்.

"நூத்தித் தொண்ணூத்தெட்டு," என்றார் பொன்னையா.

ஒரு மாதம் முழுக்க ஓட்டி ஒரே ஒரு றாத்தல்.

"என்ன செய்ய, ஜோசப்பின். நீங்களும் பாடுபட்டுத்தான் பார்த்தீங்க. நாளைக்கு எழுதிர்றேன்," என்றார் டொக்டரய்யா. அவர் குரலும் நன்றாக இல்லை.

ஜோசப்பின் அம்மா வெளியே போய், தாழ்வாரத்தில் சைக்கிள் பக்கத்தில் திரும்பி நின்றுகொண்டார். அம்மாக்கண்ணு அவர் முதுகையே பார்த்தாள். ஆடி மாதம் அம்மா பக்கத்தில் யார் இருப்பார்கள்?

பொன்னையா அடுத்த கூடையைத் தூக்கி வைத்தார்.

"அழகம்மா, முப்பத்தொண்ணு. மழைக்கு நாலு, கூடைக்கு ரெண்டு கழிவு. இருபத்தஞ்சு."

அழகம்மா முணுமுணுத்துக்கொண்டே போனாள். ஈரக் கொழுந்து என்றால் தண்ணீர்க் கனத்துக்கு நாலு றாத்தலை வெட்டிவிடுவார்கள். பொன்னையா அதை ஒரு நாளும் மறந்ததில்லை.

அம்மாக்கண்ணு நிமிர்ந்தாள்.

"கணக்கப்பிள்ளையய்யா, மருத்துவச்சியம்மாவுக்கு மழைக்கு எவ்வளவு கழிச்சீங்க?"

"மனுசருக்கு ஏது புள்ள கழிவு? அது கொழுந்துக்குத்தான்."

"மழை கொழுந்து மேல மட்டுமா பேஞ்சிச்சு?"

நாற்பது பெண்களும் சிரித்த சிரிப்பில் தகரக் கூரையில் விழுந்த மழைச் சத்தமே கேட்கவில்லை.

"நம்மகிட்ட ஒரு நாளும் மறக்காத மனுசன், இன்னைக்கு மறந்துட்டாரு பாரு," என்றாள் அழகம்மா.

பொன்னையா பென்சிலைக் காதில் வைத்தார், எடுத்தார், மறுபடியும் வைத்தார்.

டொக்டரய்யா வேகமாக எழுந்தார். "அவங்களக் கூப்பிடு. கம்பளியில்லாம திரும்ப ஏறட்டும்."

அம்மாக்கண்ணு தாழ்வாரத்தைப் பார்த்தாள். ஜோசப்பின் அம்மாவின் தோள் குலுங்கிக்கொண்டிருந்தது.

"வேணாங்கய்யா," என்றாள் மெதுவாக. "கூடைய மட்டும் தனியா நிறுக்கிற மாதிரி, கம்பளிய மட்டும் நிறுக்கலாம். அவங்க திரும்ப ஏற வேணாம்."

டொக்டரய்யா அவளை ஒரு முறை நன்றாகப் பார்த்தார். பிறகு தலையசைத்தார்.

அவள் வெளியே போய், "கம்பளியக் குடுங்க," என்று மட்டும் கேட்டாள். ஜோசப்பின் அம்மா திரும்பிப் பார்க்காமலே கழற்றிக் கொடுத்தார். அவள் இரண்டு கையாலும் அணைத்துத் தூக்கி வந்தாள். தண்ணீர் ஓடியது.

"பிழிஞ்சிராத, பிழிஞ்சிராத," என்று வரிசை முழுக்கப் பதறியது.

தராசில் வைத்தாள். பொன்னையா குனிந்து பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

"ஒம்போது றாத்தல்."

எல்லோரும் விரல் விட்டு எண்ணத் தொடங்கினார்கள். அம்மாக்கண்ணு மனதுக்குள்ளேயே போட்டு முடித்துவிட்டாள்.

"நூத்தி எண்பத்தொம்போது. பதினேழு குறைஞ்சிருக்கு."

"நல்லவேளை, எனக்குக் கடிதாசி எழுதுற வேலை மிச்சம்," என்றார் டொக்டரய்யா.

அம்மாக்கண்ணு ஓடிப் போய் விசயத்தைச் சொன்னாள். ஜோசப்பின் அம்மா கேட்டார். மறுபடியும் சொல்லச் சொல்லிக் கேட்டார். பிறகு அவளைச் சேர்த்து அணைத்துக்கொண்டு அழுதார், சிரித்தார், இரண்டையும் சேர்த்துச் செய்தார்.

"ஆறே கால் றாத்தல்தானே இருந்த. அதுக்குள்ள இவ்வளவு மூளைய எங்க வெச்சிருந்த?"

ஆடி மாதம் மூன்றாவது வாரம், ஒரு காலைப்பொழுது வீரம்மாவுக்கு வலி எடுத்தது. அம்மாக்கண்ணுவின் அப்பா சோலைமலை, மருத்துவச்சியம்மாவைக் கூப்பிடப் படியில் இறங்கி ஓடினார். அவர் திரும்பி மூச்சு வாங்கிக்கொண்டு மேலே வருவதற்கும், வண்டிப்பாதை வளைவில் சைக்கிள் மணி கேட்பதற்கும் சரியாக இருந்தது. கோழிகள் ஒதுங்கின. ஜோசப்பின் அம்மாவுக்கு மூச்சு வாங்கவில்லை.

அம்மாக்கண்ணு வாசல்படியில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வெகுநேரம் என்று அவளுக்குத் தோன்றியது. உண்மையில் உச்சிவெயில்கூட வரவில்லை. உள்ளே ஒரு சின்ன அழுகை கேட்டது. அதற்குப் பிறகு அம்மாவின் சிரிப்பும் கேட்டது. அப்போதுதான் அவள் கை சைக்கிளை விட்டது.

"உள்ள வா, அக்காக்காரி," என்று கூப்பிட்டார் ஜோசப்பின் அம்மா.

பாப்பாவைத் துணியில் கட்டி, சின்னத் தூக்குத் தராசில் மாட்டிப் பிடித்திருந்தார் அவர்.

"தங்கச்சி. ஏழே முக்கால் றாத்தல்."

"துணிக்குக் கழிச்சீங்களா?" என்று கேட்டாள் அம்மாக்கண்ணு.

ஜோசப்பின் அம்மா அவளைப் பார்த்தார். தராசைப் பார்த்தார். பாப்பாவை எடுத்து வீரம்மாவிடம் கொடுத்துவிட்டு, துணியை மட்டும் மாட்டி நிறுத்தார். கால் றாத்தல்.

பாப்பாவிடம் எடையைச் சொல்ல அவர் வாயைத் திறந்தார். அதற்குள் அம்மாக்கண்ணு முந்திக்கொண்டு, குனிந்து, அந்தச் சின்னக் காதில் சொன்னாள்.

"நீ ஏழரை றாத்தல்."