ஆதாரம் எங்கே, சார்?

செல்போன் அலறியது.

எடுத்தாள் ஜெனிலா.

"இன்ஸ்பெக்டர் முருகதாஸ் பேசுதேன் மேடம். உங்ககூட ஆராய்ச்சி பண்ணுத பெனின்... மயிலாடி கல்குவாரிப் பள்ளத்துல கெடந்தாரு. உயிர் இல்ல!"

அழுதபடியே ஜெனிலா லேப்டாப் பக்கம் திரும்பினாள்.

லேப்டாப் திரையில் இருவரும் சேர்ந்து எழுதிய கட்டுரை. குவாரியைச் சுற்றியுள்ள கிணறுகளின் தண்ணீரில் கலந்திருக்கும் நச்சைப் பற்றியது. ஓரத்தில், எழுத்தைத் திருத்தச் சொல்லும் மென்பொருளின் சிவப்புக் குறிப்புகள்.

"சிவப்பு மழைலா பெய்யுது ஏட்டி!" என்று முதலில் சிரித்தவன்தான் பெனின். போகப் போக இருவருமே நறுக்கென்று எழுதப் பழகினார்கள்.

நேற்று மென்பொருள் பிடித்தது ஒரே வரி.

'அளவுகள் திருத்தப்பட்டன.'

கீழே குறிப்பு: 'யார் திருத்தியது? ஏன்? ஆதாரம் எங்கே?'

அளவுகளைத் திருத்திக் கொடுத்தவர் ஆராய்ச்சி வழிகாட்டி டாக்டர் சிவதாணு. ஏன்?

"சாருட்டயே கேட்டுட்டு வாரேன்" என்று போன பெனின்...

கதவு திறந்தது.

சிவதாணு!

"பெனின் செத்துட்டானாமே மக்கா... தண்ணி எடுக்கப் போன எடத்துல வழுக்கிட்டு."

கதவைத் தாழிட்டார்.

"அந்தக் கட்டுரைய அழிச்சிரு. இப்பமே!"

ஒவ்வொரு வரியையும் துருவிப் பழகிய ஜெனிலாவின் மூளை சும்மா இருக்கவில்லை.

"வழுக்கினத யாரு பாத்தா சார்?"

"போலீஸ் சொல்லிச்சு."

"எந்த போலீஸ்? பேரு?"

சிவதாணு லேப்டாப்பை மூடக் கை நீட்டினார்.

"வழுக்கினான்னு எங்கிட்ட யாரும் சொல்லல. ஆதாரம் எங்க சார்?"

அவர் முகம் மாறியது.

"குவாரி எம் மச்சானுக்கு! அவனும் இப்பிடித்தான் கேட்டான்..."

விரல்கள் அவள் கழுத்தை நெருங்கின.

"அய்யோ!"

படார்! தாழ்ப்பாள் பிய்ந்து விழுந்தது. துப்பாக்கியோடு முருகதாஸ்!

"கைய எடும் ஓய்! பெனின் சாகல. பின்னாலருந்து அடிச்சது யாருன்னு அவருக்குத் தெரியல. அதான் செத்துட்டாருன்னு இந்த மேடத்துட்ட மட்டும் பொய் சொல்லிட்டு வாசல்ல நின்னேன். சொல்லாமலே தெரிஞ்சுட்டு வந்தது நீரு ஒருத்தர்தான்!"

சிவதாணுவின் கைகள் விலகின.

"பெனின்... உயிரோடயா?" ஜெனிலாவுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

"ஆசாரிபள்ளத்து ஆஸ்பத்திரியில இட்லி கேக்காரு. ஸாரி மேடம்... உங்கள ரொம்ப அழ வச்சுட்டேன்."

விலங்கு மாட்டப்பட்ட சிவதாணு முனகினார். "எ... என் மரியாதை..."

முருகதாஸ் அவர் தோளில் தட்டினார்.

"இனி கேள்வி கேக்கப்போறது கோர்ட்டு; அதும் ஒரு வைவாதான் சார். ஆனா ஒங்க காலேஜ்ல மாதிரி டீயும் முந்திரிப்பருப்பும் வாங்கி வச்சா, அந்த ஜட்ஜ் மார்க் போட மாட்டாரு!"