தைலத்தின் கார்டு

"எங்கண்ணனுக்கு இன்னிக்கு ஓய்வு வேணும் சார்."

லாரி ஆபீஸில் அவள் வேலைக்குச் சேர்ந்த அன்றே அம்மா படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள்: "முதலாளிகிட்ட எத வேணா கேளு, அண்ணனுக்கு லீவு மட்டும் கேட்டுடாத. ரெண்டு பேரு பொழப்பும் அங்கதான்." இன்று அவள் கேட்டே விட்டாள். வீட்டிலேயே முதல் பட்டதாரி அவள். அந்தப் பட்டம் அண்ணன் ஓட்டிய லாரியில் ஏறித்தான் வீடு வந்து சேர்ந்தது. அவன் கண்ணிரண்டும் நேற்றிலிருந்து மிளகாய்ப்பழமாகக் கிடக்கின்றன.

முதலாளி தலை நிமிரவில்லை. "அவன் கார்டுல நேரம் தீந்துபோச்சு, சரி. வேற கார்டே இல்லையா?"

ஒவ்வொரு ஓட்டுநருக்கும் ஒரு கார்டு. லாரியிலுள்ள பெட்டிக்குள் அதைச் செருகினால், அவர் ஓட்டும் நேரத்தைப் பெட்டி எண்ணும். அளவு தாண்டினால் அலறும். இறங்கித் தூங்கியாக வேண்டும், அதுதான் சட்டம். ஆனால் அவர் கார்டை உருவிவிட்டு இன்னொருவருடையதைச் செருகினால், வேறு ஆள் ஓட்டுவதாகப் பெட்டி நம்பிவிடும்.

"தைலத்தோட கார்டு ஓய்வறை ஆணியில தொங்குது. எடுத்து உங்கண்ணன்கிட்ட குடு."

"அவரு செத்துட்டாரு சார்."

"கார்டு சாகலையே."

தைலம் என்பது பட்டப்பெயர். தூக்கத்தை விரட்டக் கண்ணுக்குக் கீழே தைலம் தேய்த்துக்கொண்டே ஓட்டிய மனிதர். அதற்கும் தூக்கம் மசியாவிட்டால் தன் கன்னத்தில் தானே அறைந்துகொள்வாராம். கடைசியில் ஒரு பாலத்தூணில் போய் முடிந்தார்.

'அந்தக் கார்டை உடைத்துப் போட்டுவிடுகிறேன் இரு' என்று கறுவிக்கொண்டுதான் அவள் ஓய்வறைக்குப் போனாள்.

ஓய்வறை என்று பெயர்தான். கட்டில்கள் மேல் தார்ப்பாய்களும் பழைய டயர்களும் மலையாகக் கிடந்தன; ஒரு ஆள் சாய இடமில்லை. ஜன்னலும் இல்லை. நல்ல மதியத்திலும் உள்ளே இருட்டு ரப்பர் நாற்றத்தோடு தேங்கி நின்றது. சுவரைத் தடவி ஆணியைக் கண்டுபிடித்தாள்.

ஆணி வெறுமையாக இருந்தது.

பின்னால் கதவு சாத்திக்கொண்டது.

இழுத்தாள். வரவில்லை. தோளால் இடித்தாள். வெளியே சுமைக்காரர்கள் கேலி பேசிச் சிரிப்பது துல்லியமாகக் கேட்டது. இவள் தொண்டை கிழியக் கத்தியது அவர்களில் ஒருவருக்கும் கேட்கவில்லை. காற்றில் மெல்ல மெல்லத் தைல வாடை ஏறியது. கண் எரிந்தது.

பளார்.

டயர்களுக்குப் பின்னால் சதையில் சதை மோதும் சத்தம்.

பளார்.

இந்த முறை அவள் காதருகே.

"எறங்கட்டுமா, பாப்பா?"

பயம் முற்றினால் அவளுக்குக் கோபம்தான் வரும். "எறங்குங்களேன். யாரு தடுத்தா?"

"கார்டு பெட்டிக்குள்ளயே கெடக்கும்மா. எடுக்க மாட்டேங்கிறாங்க. தூங்கவும் முடியல. சாகவும் முடியல."

"எந்த வண்டியில?"

கதவு தானாகத் திறந்தது.

அவள் ஓடினாள். வாசலுக்குப் பக்கத்தில் அண்ணனின் லாரி உறுமிக்கொண்டு நின்றது. அவன் ஓட்டுநர் இருக்கையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான். கண் திறந்திருந்தது, பார்வை இல்லை. வலது கை எழுந்தது, கன்னத்தில் அறைந்தது, இறங்கியது. மறுபடி எழுந்தது. கன்னம் கன்றிப்போயிருந்தது.

"அண்ணே!"

"எறங்கட்டுமா, பாப்பா?"

அவள் பிறந்ததிலிருந்து அண்ணன் அவளைக் கழுதை என்றுதான் கூப்பிடுகிறான்.

விழுந்தடித்து ஏறிப் பெட்டியிலிருந்து கார்டைப் பிடுங்கினாள். காய்ச்சல்காரன் நெற்றி மாதிரி கொதித்தது. சாவியைத் திருப்பி உருவினாள். அவன் கை தொப்பென்று மடியில் விழுந்தது.

"ஏய் கழுத, நீ எப்ப வந்த?"

"இத எதுக்கு மாட்டுன?"

"நீ முதலாளிகிட்ட மல்லுக்கு நிப்பேன்னு தெரியும். அதான் நானே எடுத்து மாட்டிட்டேன். உன் வேலையாவது மிஞ்சட்டும்னு."

கையைப் பிடித்து இறக்கினாள். அவன் கால் தள்ளாடியது. அதற்குள் முதலாளி மூச்சிரைக்க வந்துவிட்டார். "கார்டக் குடு."

"போக்குவரத்து ஆய்வாளர் ஆபீஸ்ல குடுத்து ரத்து பண்ணச் சொல்லப்போறேன்."

"வேலை போயிரும். செத்தவன் கார்டுல ஓட்டுனதுக்கு இவன் லைசென்சும் சேர்ந்து போகும், தெரியுமில்ல?"

"வேணாம்டி," என்றான் அண்ணன்.

"போகட்டும்ணே. நீ இருப்பல்ல."

முதலாளி பல்லைக் கடித்தார். "நாலெழுத்துப் படிச்சா தலைகால் புரியாது. சரக்கு நிக்கக் கூடாது, நானே எடுத்துட்டுப் போறேன்." தன்னிடமிருந்த மாற்றுச் சாவியோடு ஏறினார். கதவு அறைந்து சாத்திக்கொண்டது. லாரி உறுமிக் கிளம்பியது.

வாசலைப் பார்த்து வரவில்லை. முற்றத்திலேயே நிதானமாக, செக்குமாடு போலச் சுற்ற ஆரம்பித்தது.

"ஏன் இப்படி ஓட்டுறாரு?" என்றான் அண்ணன்.

அவள் ஒரு முறைதான் திரும்பிப் பார்த்தாள். முதலாளி வாயைத் திறந்து கத்திக்கொண்டிருந்தார். சத்தம் வெளியே வரவில்லை. அவருடைய இரண்டு உள்ளங்கைகளும் ஜன்னல் கண்ணாடியை அறைந்துகொண்டிருந்தன.

ஸ்டியரிங் தன் பாட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. அவள் கையிலிருந்த கார்டு ஆறிப்போயிருந்தது; தைல வாடை இப்போது லாரியிலிருந்து வந்தது.

"நட," என்று அண்ணனின் கையைப் பிடித்து இழுத்தாள். ஆய்வாளர் அலுவலகம் பூட்டுவதற்குள் போய்ச் சேர வேண்டும். வாசலைத் தாண்டினாள்.