ஹர்மானுஸுக்கு இழவு அப்பம்

ஆல்பனியிலிருந்து வண்டி பிடித்து, ஸ்கோஹரிப் பள்ளத்தாக்கில் நான் பிறந்த வீட்டு வாசலில் இறங்கியபோது வெயில் இன்னும் இருந்தது. பனி முழங்கால் அளவு கிடந்தது. குறுக்கே இரண்டாகப் பிரிந்த எங்கள் வாசல் கதவின் மேல்பாதியை மட்டும் திறந்து அண்ணன் தியூனிஸ் தலையை நீட்டினான்.

"எதுக்குடி வந்த, நேல்ச்சே?"

"தம்பி செத்துருக்கான். வராம எப்படி?"

"ராஜா பக்கம் போனவன் எனக்குத் தம்பியே இல்ல."

தியூனிஸ் அமெரிக்க விடுதலைப் படையில் கேப்டன். தம்பி ஹர்மானுஸ் இங்கிலாந்து ராஜாவின் படையோடு வந்து எங்கள் ஊர்க் களஞ்சியங்களையே கொளுத்தியவன். அங்கேயே குண்டடிபட்டு விழுந்தான். சதுப்பு ஓரம் ஒரு குழியில் தள்ளி மூடிவிட்டார்கள். அவனுக்காகத் துக்கம் காட்டினால் வீடு பறிமுதல் என்று ஊர்க்குழு அறிவித்திருந்தது.

எங்கள் டச்சுக்காரர் வீடுகளில், செத்தவன் பேருக்கு அப்பம் சுட்டு வந்தவர் கையில் கொடுத்தால்தான் அவனை வழியனுப்பியதாக அர்த்தம். ஊரைக் கொளுத்தினவனாகவே இருக்கட்டும், என் தம்பிக்கு அது உண்டு. நான் அடுப்பை மூட்டினேன்.

"வீடு போயிடும்டி!"

"போகட்டும். அம்மா பெத்தது மூணு பேர. ரெண்டுன்னு சொல்ல நீ யாரு?"

வெண்ணெயும் சோம்பும் போட்டுப் பிசைந்து சுட்டேன். கதவின் மேல்பாதியைத் திறந்து, கீழ்ப்பாதியின் விளிம்புப் பலகையில் அடுக்கினேன். ஊரில் ஒருவரும் வரவில்லை.

சோம்பு மணத்தை அமுக்கிக்கொண்டு சேற்று வாடை வந்தது.

படிக்கல்லில் ஈரக்கால் சத்தம்.

வெளியே யாரும் இல்லை.

ஓர் அப்பம் காணாமல் போனது. பிறகு இன்னொன்று. மெல்லும் சத்தம் என் முகத்துக்கு நேரே கேட்டது. ஆனாலும் கதவைச் சாத்தவில்லை.

"மூடுடி..." என்றான் தியூனிஸ்.

"மாட்டேன்."

அப்போதுதான் அந்த இருமல் கேட்டது. கரகரவென்று, நெஞ்சைப் பிறாண்டும் இருமல்.

தியூனிஸின் முகம் வெளுத்தது. "பரென்ட்..."

பரென்ட் அவன் படையாள், உயிர்த்தோழன். போன கோடையில் பின்வாங்கி ஓடும்போது காட்டிலேயே போட்டுவிட்டு வந்த பிணம். அவனுக்கும் யாரும் அப்பம் சுடவில்லை.

தம்பி தனியாக வரவில்லை. இரண்டு படைகளிலும் செத்தவர்களைக் கூட்டி வந்திருந்தான்.

தியூனிஸ் மாவுச் சட்டியை என் பக்கம் நகர்த்தினான்.

"இன்னும் பிசை. பரென்டுக்கு வெண்ணெய் தூக்கலா இருக்கணும்."

அடுத்த அப்பம் வேகும்போதே ஊர்க்குழுவின் தலைவர் யோஸ்ட் துப்பாக்கியோடு வந்து படியில் நின்றார்.

"என்ன தியூனிஸ், யாருக்கு இழவு?"

"என் தம்பிக்கு," என்றான் தியூனிஸ்.

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அடக்கிக்கொண்டு சொன்னேன்: "வீட்ட எடுத்துக்கோங்க. இப்ப கொஞ்சம் ஒதுங்குங்க. உங்க பின்னாடி நிக்கிறாங்க."

யோஸ்ட் சிரித்துக்கொண்டே திரும்பினார்.

முற்றத்தில் ஆள் இல்லை. வாசலிலிருந்து சதுப்பு வரை, வெறும் காற்றில், ஆள் உயரத்துக்கு மூச்சு ஆவி வரிசையாகப் புகைந்துகொண்டிருந்தது.

அவர் தொப்பியைக் கழற்றினார். ஒதுங்கினார்.

முதல் மூச்சு ஒரு படி ஏறியது.