திரிசலாவின் பங்கு

புதன்கிழமை மதியம் மூன்றரைக்குக் கரண்ட் போனதும் தெருவிலிருந்த விசைத்தறிகள் எல்லாம் ஒரே மூச்சில் நின்றன. அந்த இரைச்சல் அடங்கிய பிறகுதான் திரிசலாவுக்கு இன்னொரு சத்தம் கேட்டது. வீட்டுக்குள்ளிருந்து. பாத்திரத்தின் அடியை யாரோ சுரண்டுவது போல, அவசரமே இல்லாமல்.

வழக்கமாக இந்த நேரத்தில் அவள் வீட்டில் இருக்கமாட்டாள். ஆரணி பஜார் பக்கம் ஒரு கடையில் பட்டுப்புடவைக்குக் கம்ப்யூட்டரில் டிசைன் போடுகிறவள். பொழுது சாய்ந்துதான் திரும்புவாள். ஏழு வயது மகள் மஹிமா ஸ்கூலிலிருந்து வந்ததும் பால் கொடுத்து, ஜைன வீட்டு வழக்கப்படி இருட்டுவதற்குள் சோறும் ஊட்டிவிடுவது அண்ணன் அமர்நாத்தான்.

சத்தம் அவன் அறையிலிருந்துதான் வந்தது.

அமர்நாத்துக்கு இருபது வயதிலிருந்தே மூட்டுகளில் கட்டி. உடம்பே தானாகச் சேர்த்துவைக்கும் கால்சியம். இடுப்பில் தேங்காய் அளவுக்கு ஒன்று, முழங்கைக்கு ஒன்றாக இரண்டு. தோல் பிளந்து சுண்ணாம்புக் கூழ் போல வெள்ளையாகக் கசியும். கல்யாண வீடியோ எடுத்துக்கொண்டிருந்தவன், கேமராவைத் தூக்க முடியாமல் போய்ப் பத்து வருஷமாக வீட்டோடு இருக்கிறான். திரிசலாவுக்கும் அதே நோய்தான். ஆனால் தோளில் புளியங்கொட்டை அளவு ஒரே ஒரு கட்டி, அவ்வளவுதான்.

ஏன் இப்படி என்று இரண்டு மாதம் முன்பு வேலூரில் ஒரு டாக்டர் விளக்கினார். "ரெண்டு பேருக்கும் ஒரே ஜீன்ல, ஒரே இடத்துல பிழை. ஆனா நோய் எவ்வளவு மோசமாகும்னு அது மட்டும் முடிவு பண்றதில்ல. வேற ஜீன்கள்ல இருக்கிற சின்னச் சின்ன மாற்றமும் சேர்ந்துக்கும். உங்களுக்கு அப்படி ஏதோ ஒண்ணு தடுப்பா நிக்குதுன்னு நினைக்கிறோம். உங்க அண்ணனுக்கு அது இல்ல."

"என் பொண்ணுக்கு, டாக்டர்?" அவள் கணவன் ஆதீஷ் சொந்த அத்தை மகன்; அதே பிழை அவன் பக்கமும் இருக்கலாம். பெங்களூரில் வேலை.

"ரத்தம் எடுத்திருக்கோம், ரிப்போர்ட் வரட்டும். பிழை இருந்தாலும் உங்கள மாதிரி வருமா, அண்ணன் மாதிரி வருமான்னு இப்ப சொல்ல முடியாதும்மா."

திரும்பி வரும்போது பஸ்ஸில் அமர்நாத் ஜன்னலைப் பார்த்தபடி சொன்னான். "உன் பங்கையும் சேர்த்து நான்தான் சுமந்துகினு இருக்கேன் போல."

அதன்பிறகு அவளிடம் பேசுவதையே விட்டுவிட்டான். மஹிமாவிடம் மட்டும் பாசம் கூடியது. அதுவாவது இருக்கட்டும் என்று திரிசலா நிம்மதிப்பட்டிருந்தாள்.

நடையில் மின்விசிறி நின்றுபோன புழுக்கம் நெஞ்சை அடைத்தது. புதிதாக வெள்ளையடித்த சுவரில் தண்ணீர் பட்டால் எழும் வாசனையும், அதற்கடியில் லேசாக ரத்தத்தின் துரு வாசனையும் கலந்து, அவள் ஒவ்வொரு அடி வைக்கும்போதும் கொஞ்சம் கொஞ்சமாகக் கெட்டியாகிக்கொண்டே வந்தது. கதவு ஒருக்களித்திருந்தது. அவனுடைய முதுகு தெரிந்தது. கட்டு அவிழ்ந்து கிடந்தது.

"இன்னிக்கு ஜல்தியா வந்துட்ட," என்றான், திரும்பாமலே.

"கடையில இன்னிக்கு வேலை இல்லண்ணா. புண்ணை ஏன் நோண்டிகினு இருக்க? நர்ஸ கூப்பிடட்டுமா?"

"வேணாம். வீணாக்கக் கூடாது."

அவன் தன் முழங்கையிலிருந்து ஸ்பூனால் வழித்துக்கொண்டிருந்தான். ஜன்னல் விளிம்பில், வெயில் படும் இடத்தில் ஒரு தட்டு. அதில் சின்னச் சின்னதாய் வெள்ளை வில்லைகள், வடகம் காயவைத்தது போல வரிசையாக. பக்கத்தில் இஞ்சி இடிக்கும் சின்னக் கல். அதில் மாவாய் நுணுக்கிய தூள். அதற்கும் பக்கத்தில் ஒரு டம்ளர் பால்.

டம்ளரில் பெயர் வெட்டியிருந்தது. மஹிமா.

திரிசலா டம்ளரைக் காட்டிக் கேட்டாள். "எத்தனை நாளா?"

"டாக்டர் சொன்னத நீயும் கேட்டல்ல? உன்ன மாதிரி வருமோ, என்ன மாதிரி வருமோன்னு." இப்போது திரும்பினான். சிரித்தான். "அந்த சந்தேகம் எனக்குப் பேஜாரா இருந்துச்சு."

அவள் டம்ளரைத் தட்டிவிட்டாள். பால் தரையெல்லாம் ஓடியது. அடியில் தங்கியது ஓடவில்லை.

வெளியே ஸ்கூல் வேன். ஹாரன். குதித்து வரும் காலடி.

"உள்ள வராத, மஹிமா!"

வந்துவிட்டாள். பையைக் கழற்றாமலே. சிந்திய பாலைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள். பிறகு மாமாவை.

"மாமா, அம்மாகிட்ட காட்டலாமா?"

"காட்டு கண்ணு."

மஹிமா யூனிபார்ம் சட்டையின் கையைச் சுருட்டினாள். காலையில் திரிசலா குளிப்பாட்டியபோது அந்த முழங்கை வழவழப்பாக இருந்தது. சோப்பு போட்டது அவள் கைதான். உள்ளங்கை அந்த இடத்தில் தடுக்காமல் வழுக்கிப் போனது. நன்றாக நினைவிருந்தது.

இப்போது அங்கே எலுமிச்சை அளவு ஒரு கட்டி. மேலே தோல் மெலிந்து பளபளத்தது. அடியில் வெள்ளை.

"இன்னிக்கு வந்துடும்னு மாமா சொன்னாரு. கணக்கு கிளாஸ்ல வந்துச்சும்மா. வலிக்கவே இல்ல."

திரிசலா அவளை இழுக்கக் கை நீட்டினாள். கை போகவில்லை. முழங்கை மடங்கிய நிலையிலேயே நின்றது. உள்ளே ஏதோ கல்லாய் அழுத்தியது.

மஹிமா கட்டைவிரலால் கட்டியை அமுக்கினாள். தோல் சத்தமில்லாமல் விரிந்தது. கெட்டியாக ஒரு சொட்டு வெளியே வந்து நின்றது. குழந்தை அதை விரலில் எடுத்து, ஆசையாகப் பார்த்து, அம்மாவின் உதட்டருகே கொண்டுவந்தாள்.

"இது உன் பங்காம். வாய தெற, அம்மா."