பலாமரம் விழுங்கிய அம்பு

கொல்லிமலையில் கூர்மையாக எது கிடைத்தாலும் சரி, அது ஓரி விட்ட அம்புதான். வில்லுக்குப் பேர்போன ராஜா ஆண்ட மலையாயிற்றே, வேறென்ன சொல்வார்கள்? போன வருஷம் வயலை உழும்போது ஒரு கம்பி அகப்பட்டது. ஊரே கன்னத்தில் போட்டுக்கொண்டு கும்பிட்டது. அப்புறம் பார்த்தால், அது யாரோ தொலைத்த குடைக்கம்பி.

ஆனால் இந்த வருஷம் கிடைத்தது நிஜ அம்பு.

ஆடிக்காற்றில் தோட்டத்துப் பலாமரத்தின் பெரிய கிளை ஒடிந்து விழுந்திருந்தது. சங்கீதாவின் அப்பா செல்வம் அதை அறுத்துக்கொண்டிருந்தார். விறகு பொறுக்க வந்த சங்கீதாவின் கண்ணில்தான் அது முதலில் பட்டது.

"அப்பா, கொஞ்சம் நிறுத்துங்க. உள்ளே என்னமோ இருக்குது."

அப்பா உளியால் மெல்லச் செதுக்கினார். உள்ளே இருந்தது நீளமான ஓர் அம்பு. அதன் வால் நுனி மட்டும்தான் பட்டைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. மிச்சத்தையெல்லாம் மரம் வருஷக்கணக்காக வளர்ந்து வளர்ந்து விழுங்கியிருந்தது. மரம்கூட இப்படி விழுங்குமா?

சேதி கேட்டு ஊர்ப் பெரியவர் சின்னுசாமி ஓடி வந்தார். சூடம் கொளுத்தினார்கள். அம்பு முழுக்க மஞ்சளை அப்பிக் குங்குமம் வைத்தார்கள். அடுத்த வாரம் மேட்டு மைதானத்தில் நடக்கிற ஓரி விழாவில், முதலில் பார்த்த சங்கீதாவே அதைத் தாம்பாளத்தில் ஏந்தி முன்னால் நடக்க வேண்டும் என்று பெரியவர் சொல்லிவிட்டார். அதுவரை அம்பு அவள் வீட்டுச் சாமி படத்துக்குப் பக்கத்திலேயே இருக்கட்டுமாம்.

சங்கீதாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. பள்ளிக்கூடத்தில் அவளைத் தொட்டுப் பார்க்கவே ஒரு கூட்டம் வந்தது.

ஒரே ஒரு தொல்லை. அம்பை எடுத்துப் பார்க்கும்போதெல்லாம் உள்ளங்கை அரித்தது. வெயிலில் விரித்துப் பார்த்தால், தோலில் பளபளவென்று பொடிப்பொடி நார்கள் குத்தியிருந்தன. இந்த அரிப்பு அவளுக்குப் பழக்கமானதுதான். பள்ளிக்கூடத்து சைக்கிள் கொட்டகையில் உடைந்த ஃபைபர் தகட்டைத் தூக்கிப்போட்ட அன்றும் இப்படித்தான் சொறிந்துகொண்டே இருந்தாள்.

ஓரி ராஜா காலத்தில் ஃபைபர் ஏது?

சங்கீதா அம்பைச் சாமி படத்துக்குப் பக்கத்திலேயே திரும்ப வைத்தாள். பேசாமல் இருந்தால் தாம்பாளம் அவள் கையில். ஆனால் விழாவுக்கு வில்வித்தைக்காரர்கள் வருவார்கள். அவர்கள் பார்த்துச் சிரித்தால் ஊர் மானம் என்னாவது? எதற்கும் தெரிந்தவர்களிடம் கேட்டுவிடுவோம் என்று முடிவு செய்தாள்.

சனிக்கிழமை அம்மாவிடம் சொல்லிவிட்டு, அம்பைத் துண்டில் சுற்றிக்கொண்டு, கருப்பண்ணன் மாமாவின் பிக்கப் வண்டியில் ஏறினாள். மாமா செம்மேட்டுக்குப் பலாப்பழம் ஏற்றிப் போகிறவர். அதிகம் பேசமாட்டார்.

செம்மேட்டில் பிள்ளைகளுக்கு வில்வித்தை சொல்லித்தருகிற சுஜிதா அக்கா அம்பை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது. இது கண்ணாடி நாரால், அதாவது ஃபைபரால், செய்த அம்பு என்றார். முன்னே மரத்தில் செய்தார்களாம். பிறகு அலுமினியமும் இந்தக் கண்ணாடி நாரும் வந்தனவாம், இப்போது கார்பன். இந்தக் காலத்து அம்பில் முனையைத் திருகிக் கழற்றலாம். இதிலோ பசை வைத்து ஒட்டியிருந்தது. நாணில் மாட்டுகிற வால் துண்டு பிளாஸ்டிக்.

"நாப்பது வருஷத்துக்கு மேலே இருக்கும் சங்கீதா. எங்க வாத்தியார் சின்னப் பையனா இருந்தப்போ வெச்சிருந்த மாதிரி அம்பு. இதை நேர்ல பார்ப்பேன்னு நான் நெனைக்கவே இல்ல."

அம்புக்குச் சொந்தக்காரர்கள் அடையாளத்துக்கு வண்ண வளையம் தீட்டுவார்களாம். மஞ்சளைத் துடைத்தால் தெரியலாம் என்றும் சொன்னார். சாமிக்குப் பூசிய மஞ்சளைத் துடைக்கச் சங்கீதாவுக்குக் கை வரவில்லை.

திரும்பும் வழியெல்லாம் அவள் உம்மென்றே இருந்தாள். ஏன் கண்ணு இப்படி வர்றே என்று மாமா கேட்டதும் எல்லாவற்றையும் மடமடவென்று கொட்டிவிட்டாள். அது ஓரி அம்பு இல்லை, கண்ணாடி நார் அம்பு, வெறும் நாற்பது வருஷத்து அம்பு.

கருப்பண்ணன் வண்டியை ஓரம் கட்டினார். இன்ஜினை அணைத்துவிட்டு அவள் பக்கம் திரும்பினார்.

"அதுல ரெண்டு செவப்பு வளையம், நடுவுல ஒரு வெள்ளை வளையம் இருக்குதா கண்ணு?"

"தெரியலீங்க மாமா. மஞ்சள் மூடியிருக்குதுங்க."

அவர் அம்பைத் தொடக்கூட இல்லை. மெதுவாகச் சொன்னார். அப்போது அவர் நாலாவது படித்துக்கொண்டிருந்தார். விழாவுக்கு வெளியூரிலிருந்து ஒரு வில்லாளி வந்து, வளையம் தீட்டிய தன் அம்புகளைக் கொடுத்து, பிள்ளைகளை ஆளுக்கு ஒன்று விட்டுப் பார்க்கச் சொன்னார். கருப்பண்ணன் விட்டது குறியைத் தாண்டி எங்கோ போயிற்று. மைதானம் முழுக்கத் தேடியும் அது மட்டும் கிடைக்கவில்லை. பயல் ஒளித்து வைத்துக்கொண்டான் என்று எல்லார் முன்னாலும் அவர் சட்டையைத் தடவிப் பார்த்தார்கள். அன்றையிலிருந்து அவர் மேட்டு மைதானத்தை மிதித்ததே இல்லை.

சங்கீதா பாட்டில் தண்ணீரைத் துண்டில் ஊற்றினாள். இப்போது கை தயங்கவில்லை. மஞ்சள் கரைந்து வழிந்தது. சிவப்பு. வெள்ளை. மறுபடியும் சிவப்பு.

அவள் அம்பை மாமா பக்கம் நீட்டினாள். மாமா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஊருக்கு வந்ததும் சங்கீதா நேரே பெரியவர் வீட்டுக்குத்தான் போனாள். இது ஓரி அம்பு இல்லை, ஆகவே தாம்பாளம் வேண்டாம் என்று முதலில் சொன்னாள். பெரியவர் முகம் சுருங்கிப்போயிற்று. பிறகு அது யார் விட்ட அம்பு என்று சொன்னாள். அவர் அம்பை வாங்கி அந்த வளையங்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார்.

"அன்னிக்கு அவன் சட்டையைத் தடவுனதுல நானும் ஒருத்தன் சாமி" என்றார். "தாம்பாளத்தை நீதான் எடுக்கோணும். நான் போய் அவனைக் கூட்டிட்டு வாரேன்."

விழா அன்று மேட்டு மைதானத்தில் சங்கீதா தாம்பாளத்தோடு நடந்து போய், கருப்பண்ணன் மாமா முன்னால் நின்றாள். பெரியவர் எல்லாரும் கேட்கும்படி, அம்பை அவன் எடுக்கவில்லை, நாங்கள்தான் தப்பாகச் சொல்லிவிட்டோம் என்றார்.

மாமா செருப்பைக் கழற்றிவிட்டுப் புல்லில் காலை வைத்தார். அம்பைக் கையில் எடுத்தார்.

"எங்கே கண்ணு இருந்துது இது?"

சங்கீதா அவர் கையைப் பிடித்து மைதானத்தின் விளிம்புக்குக் கூட்டிப்போனாள். கீழே, நெல் வயலுக்கும் மிளகுக் கொடிகளுக்கும் அப்பால், உள்ளங்கை அளவுக்குத் தெரிந்தது அந்தப் பலாமரம். கூடவே வந்த கூட்டம் முண்டியடித்து எட்டிப் பார்த்தது. அத்தனை தூரமா? ஒரு நாலாவது படிக்கிற பையனா? ஆடிக்காற்றே தூக்கிக்கொண்டு போயிருந்தாலும், அத்தனை தூரமா?

கருப்பண்ணன் மாமா மரத்தையும் கையிலிருந்த அம்பையும் மாறி மாறிப் பார்த்தார். அப்புறம் சின்னப் பையன் மாதிரி சிரித்தார்.

"இத்தனை வருஷமா, நான் எடுக்கலை, எடுக்கலைன்னே நெனச்சுட்டிருந்தேன் கண்ணு. இவ்வளவு தூரம் விட்டிருக்கேன்னு எனக்கே தெரியாமப் போச்சே."