வண்டி எண்ணில் விழுந்த புள்ளி

மழையில் பாதி நனைந்தபடி அவள் கணினி அறைக்குள் வந்தபோது அவன் தேநீர் குடித்துக்கொண்டிருந்தான். பெரிய கண்கள்... கோபத்தில் இன்னும் பெரிதாகத் தெரிந்தன. பேருந்து நிலையத்தின் புது அறிவிப்பாளர். மின்பலகையில் வருவதை ஒலிபெருக்கியில் வாசிக்கும் வேலையில் இன்றுதான் சேர்ந்திருந்தாள்.

"பன்னெண்டு நாப்பத்தஞ்சு வண்டி ஏழு இருபதுக்குக் கிளம்பும்னு வாசிச்சேன். நிலையமே சிரிக்குது."

குழம்பிப்போய்ப் பாதிப்பேர் வண்டியைத் தவறவிட்டார்களாம். இன்னொரு புகார் வந்தால் நாளை வரவேண்டாம் என்று மேலாளர் சொல்லிவிட்டாராம்.

அவன் அலட்டிக்கொள்ளாமல் விளக்கினான். பலகைக்குப் போகும் கோப்பில் நேரமெல்லாம் 0720 என்று ஒட்டிக்கொண்டு வரும். நான்கு இலக்கம் சேர்ந்திருந்தால் நடுவில் புள்ளி வை என்று ஒரே வரியில் கட்டளை எழுதி ஓடவிட்டிருந்தான். அவன் கட்டளை தப்பாது.

அவள் பொறுமையாகக் கேட்டாள். "வண்டி நம்பரும் நாலு இலக்கந்தானே?"

அவன் தேநீரைக் கீழே வைத்துவிட்டுப் பலகையைப் பார்த்தான். 1245-ஆம் எண் வண்டி 12.45 ஆகியிருந்தது.

பார்க்கிறேன் என்று மட்டும் சொல்லி அனுப்பிவிட்டான். அவள் போனதும், வரியின் கடைசியில் இருக்கும் நான்கு இலக்கத்துக்கு மட்டும் என்று கட்டளையை மாற்றினான். பலகை சரியானது. பெரிய சாமர்த்தியசாலி!

மேலாளர் வந்து பலகையைப் பார்த்தார். எல்லாம் சரியாகவே இருந்தது. வாசிக்கத் தெரியாமல் பலகைமேல் பழி போடுகிறாயா என்று அவளைக் கேட்டது கண்ணாடித் தடுப்பைத் தாண்டி அவன் காதில் விழுந்தது. அவளுக்கிருந்த ஒரே சாட்சியை அவனே அழித்திருந்தான்.

மேலாளர் அவனுடைய சித்தப்பா. அண்ணன் பையன் கை வைத்தால் தப்பே வராது என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் பெருமையடித்துக்கொள்பவர். அவள் அழவில்லை. பையை எடுத்துக்கொண்டாள்... அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை.

எழுந்து போனான். "சித்தப்பா, அவங்க சரியாத்தான் வாசிச்சாங்க. தப்பு என்னோடது. திருத்திட்டு வாயை மூடிக்கிட்டேன்."

சித்தப்பாவின் முகம் சுண்டிப்போனது. அவளை இருக்கையில் உட்காரச் சொல்லிவிட்டு, அவனைப் பார்க்காமலே போனார்.

"அப்பவே சொல்லியிருக்கலாமே?" என்றாள்.

"உங்க முன்னாடி முட்டாளா நிக்க மனசு வரல."

"எங்கிட்ட என்ன வெக்கம்?"

அவன் மழையைப் பார்த்தான். தன் காலைப் பார்த்தான். கடைசியில் அவளையே பார்த்தான்.

"உங்களைப் புடிச்சிருக்குங்க... கதவைத் திறந்துட்டு வந்ததுலேருந்தே."

அவள் காது சிவந்தது.

"எனக்கும் புடிச்சிருக்கு... உங்க சித்தப்பாகிட்ட பேசினதுலேருந்து. அதுக்கு முன்னாடி சுத்தமாப் புடிக்கல."