கறுப்புப் பெடலில் கேட்ட குரல்

அந்த வீட்டுச் சங்கதியை யாரிடமும் மூச்சு விடமாட்டேன் என்று அகிலாண்டம் நடராஜர் மேல் சத்தியம் செய்திருக்கிறாள். அதனால்தான் நமக்கு இவ்வளவு விவரம் தெரிந்திருக்கிறது.

2009 டிசம்பரில், கிறிஸ்துமஸுக்குச் சில நாட்கள் முன்பு, சிதம்பரம் கீழவீதியில் கனகசபேசன் வீட்டு வாசலில் ஒரு இளம்பெண் வந்து நின்றாள். அழைப்பு மணியை அழுத்தப் போன கை இரண்டு தடவை திரும்பி வந்ததை எதிர்வீட்டு அகிலாண்டம் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டாள். அப்புறம் அடுப்பில் எது கருகினால் என்ன? ஒரு கிண்ணத்தில் தோசைமாவை எடுத்துக்கொண்டு தெருவைத் தாண்டினாள்.

கனகசபேசன் டெலிபோன் இலாகாவில் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். காணாமல் போன நகை, சொல்லாமல் போன மாப்பிள்ளை என்று ஊரார் கொண்டுவரும் சிக்கல்களைச் சத்தம் போடாமல் பிரித்துக் கொடுப்பார். அகிலாண்டம் அவருடைய உதவியாளர். அவளை நியமித்தது அவளேதான்.

வந்தவள் பெயர் ஜூலி. கடலூர் செம்மண்டலம். கணவன் மரிய அருள் கூரியர் ஆபீசில் வேலை பார்க்கிறான். பங்குக் கோயில் பாடகர் குழுவில் கிதார் வாசிக்கிறான். கிதார் அவனுடையது அல்ல, அண்ணன் அமலுடையது. ஐந்து வருஷத்துக்கு முன் கிறிஸ்துமஸுக்கு மறுநாள் கடல் ஊருக்குள் வந்தபோது அமலைக் கொண்டுபோய்விட்டது. உடல் கிடைக்கவே இல்லை. இந்த வருஷம் நள்ளிரவுப் பூசைக்கு அந்த எலெக்ட்ரிக் கிதாரை எடுத்து வாசிக்க வேண்டும் என்று அருளுக்கு ஆசை. அதற்கு ஒரு ரிவெர்ப் பெடல் வேண்டியிருந்தது. காலால் மிதிக்கிற சின்னப் பெட்டி. நாலு சுவருக்குள் வாசிப்பதைக் குகைக்குள் வாசித்த மாதிரி இழுத்து நீட்டிக் காட்டும். பாண்டிச்சேரிக் கடைக்கார நண்பன் பச்சை, வெள்ளி, கறுப்பு என்று மூன்று பெடல்களைக் கொடுத்து, வாசித்துப் பார்த்து ஒன்றை வைத்துக்கொள், மற்றதைத் திருப்பிக் கொடு என்றிருக்கிறான்.

"பச்சை, வெள்ளி ரெண்டும் மாட்டுனப்ப ஒண்ணும் இல்ல சார். கறுப்ப மாட்டுன நாள்லேர்ந்து மாடி ரூம்ல பேச்சுக் கேக்குது. ஆளே இல்லாத ரூம்ல."

என்ன பேச்சு என்று கேட்டார் கனகசபேசன்.

"'போதும், வந்துடுடா'ன்னு. கெணத்துக்குள்ளேர்ந்து கூப்புடற மாதிரி. எங்க வீட்டு ஆம்பளைங்க கொரலேதான் சார். அமல் அண்ணன் கூப்புடறாருன்னு இவரு சொல்றாரு. கேட்டதும் வண்டிய எடுத்துக்கிட்டு தேவனாம்பட்டினம் கடலுக்குப் போயிடறாரு. மொத நாள் பேண்ட்டு முழங்கால் வரைக்கும் ஈரம். நேத்து இடுப்பு வரைக்கும்."

நாளைக்கு எதுவரைக்கும் என்ற கேள்வி அகிலாண்டத்தின் வாய்வரை வந்தது, கேட்கவில்லை. அவள் கேட்காமல் விட்ட கேள்விகளை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம்.

கனகசபேசன் நிதானமாக விசாரித்தார். சாயங்காலம் கரண்ட் போனால் அருள் வாசிப்பதை அப்படியே போட்டுவிட்டுக் கீழே வருவானாம். அவனும் ஜூலியும் தெருவில் காற்றாட உட்காருவார்களாம். கரண்ட் திரும்பி வந்த பிறகுதான் குரல் கேட்குமாம். பச்சை, வெள்ளி மாட்டியிருந்த நாட்களில் பக்கத்து வீட்டு டி.வி. மாதிரி ஒரு முணுமுணுப்பு இருந்தது, அதில் பயப்பட ஒன்றுமில்லை என்றாள் ஜூலி. வீட்டில் வேறு யார்? மாமனார் ஜோசப்ராஜ் மட்டும். பாய்லர் சத்தத்தில் வேலை பார்த்துக் காது போனவர். முழங்கால் வலி, மகன் போனதிலிருந்து மாடி ஏறியதே இல்லை.

"கறுப்பத் தூக்கிக் கொள்ளிடத்துல போட்டுடலாம்ணே," என்றாள் அகிலாண்டம்.

"பெடல் தானாப் பேசாது அகிலாண்டம். உள்ள போனத இழுத்து நீட்டறது மட்டுந்தான் அதுக்கு வேலை. உள்ள என்னா போச்சுன்னு பாக்கணும்."

மறுநாள் இருவரும் பஸ் ஏறினார்கள். அகிலாண்டம் ரவிக்கைக்குள் விபூதிப் பொட்டலம் வைத்திருந்தாள். பேய் வேற மதமாயிற்றே என்ற யோசனையில், கடலூரில் இறங்கியதும் ஒரு மெழுகுவத்தியும் வாங்கிக்கொண்டாள்.

ஜூலியின் வீட்டுக்குள் நுழையும் முன்பே பக்கத்து வீட்டை நோட்டம் விட்டாயிற்று. கேட்டில் பூட்டு, பூட்டில் சிலந்தி வலை. எதிரே துணி உலர்த்திக்கொண்டிருந்த பெண்ணிடம் கேட்டதில், அவர்கள் மகள் பிரசவத்துக்காக மேல்பட்டாம்பாக்கம் போய் ஒரு மாசத்துக்கு மேலாகிறது என்று தெரிந்தது. கூடவே மருமகனின் குடிப்பழக்கம், சம்பந்தி வீட்டு நகைச் சண்டை எல்லாம் தெரிந்தன. கனகசபேசன் பூட்டை மட்டும் மனதில் வாங்கிக்கொண்டார்.

ஜோசப்ராஜ் கூடத்தில் நாற்காலியில் இருந்தார். மடித்துக் கட்டிய வேட்டிக்குக் கீழே முழங்கால்களில் தைலம் மினுங்கியது. காது மெஷின் சட்டைப்பையிலேயே கிடந்தது. கேட்டதற்கெல்லாம் தெருவுக்கே கேட்கும்படி பதில் சொன்னார்.

"எனக்கு ஒண்ணும் கேக்கல. இதுங்களுக்குப் புத்தி பெரண்டு போச்சி."

பகலிலேயே கரண்ட் போயிற்று. கனகசபேசன் கொல்லைப்புறம் போய், வெளிப்பக்கமாக மாடிக்கு ஏறும் படிக்கட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். படிக்கட்டைப் பார்ப்பதில் என்ன சுவாரசியம் இருக்கிறது? அகிலாண்டம் உள்படி வழியாகத் தனியே மாடி ஏறினாள்.

ஜன்னல் சாத்திய அறை. சுவரில் அமலின் படம், அதன் மேல் காய்ந்த குருத்தோலைச் சிலுவை. ஸ்டாண்டில் கிதார், அதிலிருந்து ஒயர் கறுப்புப் பெடலுக்கு, அங்கிருந்து மூலையில் இருந்த ஸ்பீக்கர் பெட்டிக்கு. எல்லாம் அருள் நேற்று விட்டது விட்டபடி. அவள் குனிந்து கிதாரை மோந்து பார்த்தாள். கற்பூர வாசனை. கிறிஸ்தவர் வீட்டு மாடியில் கற்பூரம் ஏது? பிணத்துக்குப் பக்கத்தில் கொளுத்துவார்களே, அந்த ஞாபகம் வந்ததும் குனிந்தவள் குனிந்தபடியே நின்றுவிட்டாள். கம்பிகளுக்கு நேரே வாயை வைத்தபடி, "நடராஜா, என்னை நல்லபடியா வூடு சேத்துடு" என்று முனகினாள்.

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் வந்தது. தலைக்கு மேல் ஃபேன் கிறீச்சிட்டது. கறுப்புப் பெட்டியில் சிவப்பாக ஒரு கண் திறந்தது. "நடராஜா," என்றாள் மறுபடி. மூலையிலிருந்து யாரோ ஒருத்தி நீளமாக, மிக நீளமாக, மூச்சை இழுத்துவிட்டாள்.

படிகளில் இறங்கியது அவளுக்கு ஞாபகமில்லை. கீழே வந்தபோது மெழுகுவத்தி மேலேயே விழுந்துவிட்டிருந்தது.

கனகசபேசன் அவளுக்குத் தண்ணீர் கொடுத்து, என்ன பேசினாய், பேசும்போது வாய் எங்கே இருந்தது, என்ன வாசனை என்று கேட்டார். சொன்னாள். அந்த மனுஷர் முகத்தில் லேசாகத் திருப்தி தெரிந்ததை அவள் இன்றுவரை மன்னிக்கவில்லை. அப்புறம் அவர் மட்டும் மேலே போய்ச் சற்று நேரம் இருந்துவிட்டு, மெழுகுவத்தியோடு இறங்கி வந்தார்.

சாயங்காலம் அருள் வந்தான். ஒடிசலான பையன், கண்ணைச் சுற்றிக் கறுப்பு. கையில் வண்டிச் சாவி. உட்காரச் சொன்னால் உட்காரவில்லை. மாடியையே பார்த்துக்கொண்டு நின்றான். ஜூலி அவன் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டிருந்தாள், சின்னப் பிள்ளையைத் திருவிழாவில் பிடித்துக்கொள்வது போல.

"சாவிய மேசைமேல வைங்க தம்பி," என்றார் கனகசபேசன். "இன்னைக்கு அந்தக் குரல் கேக்காது."

"எப்படிச் சொல்றீங்க?"

"பேசறவரு இங்க உக்காந்திருக்காரு."

கனகசபேசன் எழுந்து ஜோசப்ராஜிடம் போய், அவர் சட்டைப்பையைத் தொட்டுக் காட்டினார். கிழவர் காது மெஷினை எடுத்து மாட்டிக்கொள்ள வெகுநேரம் ஆயிற்று. பிறகு கனகசபேசன் தாழ்ந்த குரலில் சொல்லத் தொடங்கினார்.

"கிதார்க் கம்பிக்கு அடியில காந்தச் சுருள் இருக்குது. புதுசா இருக்கறப்ப மெழுகு ஊத்தி இறுக்கமா வச்சிருப்பாங்க. நாளாகித் தளந்து போச்சின்னா, கம்பிய மட்டும் வாங்காது. கிட்டப் பேசுனா பேச்சையும் வாங்கும். எங்க டெலிபோன் மாதிரி. அகிலாண்டத்துக்குப் பதில் சொன்னது அவளோட சொந்தக் குரல்தான். நானும் மேல போயிப் பேசிப் பாத்துட்டேன்."

அகிலாண்டம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"பச்சை, வெள்ளி மாட்டுனப்பவும் இதே பேச்சு வந்திருக்குது. அதெல்லாம் கொஞ்சமா நீட்டற பெடலு. அதனால பக்கத்து வீட்டு டி.வி.ன்னு நெனச்சிக்கிட்டீங்க. பக்கத்து வீடு பூட்டி ஒரு மாசமாவுது. கறுப்பு நெறைய நீட்டும். அதனால அதே பேச்சு பேய்க்கொரலா ஆயிடுச்சி. கரண்ட் போனா அருள் எதையும் அணைக்காம எறங்கிடறாரு. வந்ததும் எல்லாம் தானா உயிர் வந்து நிக்குது. நீங்கள்லாம் தெருவுல. வீட்டுக்குள்ள ஒரே ஒருத்தரு. கிதார் முழுக்க, முழங்கால் வலிக்குத் தடவற கற்பூராதித் தைல வாசனை. கொல்லைப் படிக்கட்டுச் சுவத்துல, கை ஊனி ஏறுன எடத்துல எல்லாம் எண்ணெய்க் கறை."

அருள் தகப்பனைப் பார்த்தான். "அது அண்ணன் குரல் சார்."

"அப்பா குரல் அப்படியே பெரிய பிள்ளைக்கு வந்திருக்கும். தம்பி, செத்தவரு உங்களக் கூப்புடல. செத்தவரத்தான் கூப்புடறாங்க."

ஜோசப்ராஜ் தன் முழங்காலைத் தடவிக்கொண்டே பேசினார். வழக்கமான கத்தல் இல்லை.

"இரவல் வாங்குன ஸ்பீக்கரு. பண்டிகை முடிஞ்சிது, காலங்காத்தாலயே கடற்கரையாண்ட போயிக் குடுத்துட்டு வாடான்னு அமல நாந்தான் அனுப்புனேன். தூக்கம் வருது, மத்தியானம் போறேன்னான். வுடல நானு." அருள் பக்கம் திரும்பினார். "நீ அந்தக் கிதார எடுத்ததுலேர்ந்து, அது பக்கத்துல உக்காந்து பேசணும்னு தோணிச்சி. எனக்குக் கேக்கலன்னா யாருக்குமே கேக்காதுன்னு நெனச்சிட்டேன். நீ கடலுக்குப் போனது தெரியாதுப்பா. சத்தியமாத் தெரியாது."

ஜூலி அவருக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தாள். "யாருமே உங்ககிட்டச் சொல்லல மாமா. கத்திச் சொன்னா தெருவுக்கே கேக்குமேன்னு பயந்தோம்." அருள் சாவியை மேசைமேல் வைத்தான்.

கிளம்பும்போது கனகசபேசன், எந்தப் பெடல் என்று முடிவாகிவிட்டதா என்று கேட்டார். கறுப்புதான் கேட்க அழகாக இருந்தது என்றான் அருள்.

"வாசிக்கப் போறது வீட்ல இல்லையே. உங்க கோயில்ல கூரை ஒசரம், அதுலயே எதிரொலி இருக்கும். அங்க கறுப்ப மாட்டுனா ஒரு சுரத்து மேல ஒரு சுரம் ஏறிக் கொழகொழன்னு ஆயிடும். பச்சை போதும்."

அருள் தலையாட்டிவிட்டுக் கறுப்பைக் கழற்ற மாடி ஏறினான். பின்னால் படிகளில் கனமான காலடி. ஜோசப்ராஜ் சுவரில் கையூன்றி, வீட்டு உள்படி வழியாக, எல்லோரும் பார்க்க ஏறிக்கொண்டிருந்தார். அகிலாண்டம் அவருக்குப் பின்னால் போனாள். வழி விட்டிருந்தால் முன்னாலேயே போயிருப்பாள்.

"கழட்டறதுக்கு மின்ன ஒரு தடவ வாசி," என்றார் கிழவர். காது மெஷினை விரலால் அழுத்திக்கொண்டார்.

அருள் ஒரே ஒரு கம்பியை மீட்டினான். சுரம் எழுந்து, அறையை நிரப்பி, ஜன்னலைத் தாண்டித் தெருவுக்குப் போய், திரும்பி வருவது போல இருந்தது. மெலிந்தது. இன்னும் மெலிந்தது. ஜோசப்ராஜ் மகனின் படத்தைப் பார்த்தபடி நின்றார்.

"முடிஞ்சிதா?"

"இன்னும் கொஞ்சம் இருக்குப்பா."

காத்திருந்தார்கள்.

"இப்ப?"

"முடிஞ்சிடுச்சிப்பா."

"அப்ப திருப்பிக் குடுத்துடு," என்றார். உடனே அருளின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "இன்னைக்கு வேணாம். நாளைக்கு வெளிச்சத்துல போவலாம். நானும் வர்றேன்."